‘தகுதி’ என்ற ஒரே விடையோடு விடாத ஓர் ஆங்கில வகுப்பு

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தைக் கடந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்றில், ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேரத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. வகுப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இருக்கிற நாற்காலிகளுக்கு மேல் ஆள் சேர்ந்தால் நடத்த முடியாது என்பதால் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் என்று நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதை மதித்து எழுதாமல் விடுகிறேன். முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம் என்று மின்கம்பந்தோறும் ஒட்டப்பட்டிருக்கும் சுவரொட்டிகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, இப்படியும் ஒன்று நம் பகுதியில் நடக்கிறது என்று தெரிவிப்பதும், அதில் எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை என்று சொல்வதும் என் நோக்கம்.

நான் மண்ணடியில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பில் ஆஃப் லேடிங், பேக்கிங் லிஸ்ட், சர்வே அறிக்கை என்று நாள் முழுவதும் ஆங்கிலத் தாள்களோடுதான் புழக்கம். ஆகவே அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் வகுப்பு எனக்குத் தேவைப்படவில்லை. தினமும் கண்ணில் படும் சொற்களை, அவற்றின் எல்லை எது என்று தெரிந்து எழுத வைக்கும் வகுப்பே தேவைப்பட்டது. இங்கே ஒரு பருவத்துக்கு ஒரு சொற்குடும்பத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். நான் சேர்ந்த பருவத்தில் எடுத்துக்கொண்டது ‘வொர்த்’ என்ற சொல்லையும், அதிலிருந்து கிளைத்த ‘வொர்தி’, ‘வொர்தினஸ்’, ‘வொர்த்வைல்’, ‘வொர்த்லெஸ்’, ‘அன்வொர்தி’ ஆகியவற்றையும், ‘வொர்தி’ என்று முடிகிற நீண்ட வரிசையையும். கடல்சார் காப்பீட்டில் இழப்பீட்டுப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பொருள் நடத்துகிறார். அவரை எல்லோரும் ‘சார்’ என்கிறார்கள். பள்ளி ஆசிரியையான அவருடைய மருமகள் உச்சரிப்பையும் வாக்கிய அமைப்பையும் பார்த்துக்கொள்கிறார், அவர் ‘டீச்சர்’.

ஒரு சொல்லுக்கு ஒரு பருவமா என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு வகுப்பின் முதல் மணி நேரமே பதில் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். அகராதியில் ‘வொர்தினஸ்’ என்பதற்குத் ‘தகுதி’ என்று இருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ‘எலிஜிபிலிட்டி’க்கும் தகுதி, ‘குவாலிஃபிகேஷனு’க்கும் தகுதி, ‘மெரிட்’டுக்கும் தகுதி, ‘ஃபிட்னஸு’க்கும் தகுதி என்று எழுதிப் பழகிவிட்ட நாம், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது எந்தத் தகுதி என்று தெரியாமல் கைக்கு வந்த சொல்லைப் போட்டுவிடுகிறோம். வேலைக்கு மனுப் போடும் இளைஞர் ‘ஐ ஆம் வொர்தி ஃபார் திஸ் ஜாப்’ என்று எழுதுகிறார். ‘ஃபார்’ வந்த இடத்தில் ‘ஆஃப்’ வர வேண்டும் என்பது சின்னத் திருத்தம். விதிப்படி மனுப் போட இடமிருந்தால் அவர் ‘எலிஜிபிள்’. படிப்பும் பயிற்சியும் கையில் இருந்தால் ‘குவாலிஃபைடு’. இந்த இரண்டையும் அவர் தாமே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். ‘வொர்தி’ என்பதோ பிறர் வாயால் வர வேண்டிய சொல். ஒருவர் தம்மைத் தாமே அப்படிச் சொல்லிக்கொண்டால், ஆங்கிலம் தெரிந்தவர் காதுக்கு அது தற்பெருமையாகவே கேட்கும்.

இந்த வேறுபாட்டைப் பிடிப்பதற்குச் சார் கரும்பலகையில் இரண்டு கேள்விகளை எழுதிவைத்தார். பருவம் முடியும் வரை அவற்றை அழிக்கவில்லை. ‘எதற்கு?’ என்பது ஒன்று, ‘சொல்வது யார்?’ என்பது மற்றொன்று. இந்தக் குடும்பத்தின் எந்தச் சொல் வந்தாலும் முதலில் இந்த இரண்டுக்கும் விடை சொல்லிவிட்டுத்தான் பொருள் சொல்ல வேண்டும் என்பது வகுப்பின் விதி. எளிமையான விதிதான். இந்தப் பருவத்துக்கு நான் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கேள்விகளுக்கே தகும்.

வகுப்பின் மிகச் சிறந்த பகுதி, ‘சீவொர்தி’ என்ற சொல்லுக்கு ஒதுக்கிய மாலைகள். வடசென்னையில் இந்தச் சொல்லை நடத்துவதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் காசிமேடு. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், காப்பீடு செய்த பயணத்தில் எதிர்ப்படக்கூடிய வழக்கமான கடல் ஆபத்துகளைச் சந்திப்பதற்கு எல்லா வகையிலும் நியாயமான அளவு பொருத்தமாக இருக்கிற கப்பலே சீவொர்தி என்று சொல்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சார் பிரித்துக் காட்டிய விதம், நான் படித்த கல்லூரியில்கூடக் கிடைக்காத பாடம். ‘வழக்கமான’ என்ற சொல் இருப்பதால், எந்தப் புயலையும் வென்று வரும் கப்பல் என்று அதற்குப் பொருள் இல்லை. ‘நியாயமான அளவு’ என்று இருப்பதால் குறையே இல்லாத கப்பல் என்றும் பொருள் இல்லை. ‘எல்லா வகையிலும்’ என்று இருப்பதால் அடித்தளம் மட்டும் உறுதியாக இருந்தால் போதாது. தேர்ந்த மாலுமிகள் இல்லாமல், போதிய எரிபொருள் இல்லாமல், சரியான வரைபடம் இல்லாமல் கிளம்புகிற கப்பல் எவ்வளவு புதியதானாலும் சீவொர்தி ஆகாது. ஒரு குறிப்பிட்ட பயணத்துக்கு எடுக்கும் காப்பீட்டில், அந்தப் பயணம் தொடங்கும் நேரத்தில் கப்பல் அப்படி இருந்தாக வேண்டும் என்பது எழுதாவிட்டாலும் உள்ள நிபந்தனை.

இந்த இடத்தில், காசிமேட்டில் சொந்தப் படகு வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண் எழுந்து, “எங்க வூட்ல தகுதின்னுலாம் சொல்ல மாட்டாங்க சார். போட்டு கடலுக்குத் தாங்குமா, தாங்காதா, அவ்ளோதான்” என்றார். சார் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘தாங்கும்’ என்று பலகையில் எழுதி அதற்குக் கீழே கோடு போட்டார். அன்றைய பாடம் அந்தச் சொல்லிலிருந்துதான் நடந்தது.

‘வொர்தி’ என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் இரண்டு இனம். ‘ப்ரெய்ஸ்வொர்தி’, ‘நோட்வொர்தி’, ‘ட்ரஸ்ட்வொர்தி’, ‘நியூஸ்வொர்தி’, ‘பிளேம்வொர்தி’ ஆகியவை ஓர் இனம். இவற்றில் மனிதரோ செயலோ பிறரிடமிருந்து ஒன்றைப் பெறுவதற்கு உரியதாகிறது. பாராட்டைப் பெறலாம், கவனத்தைப் பெறலாம், நம்பிக்கையைப் பெறலாம், பழியையும் பெறலாம். நம் மொழியில் இதற்குத் ‘தக்க’ என்ற பின்னொட்டு கச்சிதமாக இருக்கிறது: பாராட்டத்தக்க, குறிப்பிடத்தக்க, நம்பத்தக்க, கண்டிக்கத்தக்க. நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே ஒட்டு வருவதுகூட இரு மொழியிலும் ஒத்துப்போகிறது. ‘சீவொர்தி’, ‘ரோடுவொர்தி’, ‘ஏர்வொர்தி’, ‘கிராஷ்வொர்தி’ ஆகியவை மற்றோர் இனம். இங்கே யாரும் யாருக்கும் எதையும் தருவதில்லை. பொருள் ஒன்றைத் தாங்குகிறது. கடலைத் தாங்குகிறது, சாலையைத் தாங்குகிறது, வானத்தில் நிற்கிறது, மோதலில் உள்ளே இருப்பவரைக் காக்கிறது. இந்த இனத்துக்குத் ‘தக்க’ பொருந்தாது. ‘கடலத்தக்க’ என்று தமிழ் இல்லை. அகராதிக்காரர் ‘கடலில் செல்லத் தகுதியுள்ள’ என்று சுற்றி வளைத்து எழுதுவதைக் காசிமேடு ஒரே வினைச்சொல்லில் சொல்லிவிடுகிறது. இரண்டு இனத்துக்கும் ஆங்கிலம் ஒரே ஒட்டைப் பயன்படுத்துவதும், தமிழ் இரண்டு வழியில் போவதும் தெரிந்துவிட்டால், மொழிபெயர்க்கிறவருக்குப் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். என் வேலையில் இது உடனே பயன்பட்டது. கொள்முதல் ஆணைகளில் வரும் ‘சீவொர்தி பேக்கிங்’ என்ற நிபந்தனையைப் ‘ஏற்றுமதித் தகுதியுள்ள பொதி’ என்று தமிழில் எழுதிவந்த எங்கள் கிடங்குச் சுற்றறிக்கை இப்போது ‘கடல் பயணத்தைத் தாங்கும் பொதி’ என்று இருக்கிறது. பொதி கட்டுகிற தொழிலாளிக்கு ஈரத்தையும் அலைக் குலுக்கலையும் நினைவூட்டுவது இரண்டாவது தொடர்தான்.

‘கார்கோவொர்தி’ என்ற சொல்லையும் விடாமல் எடுத்துக்கொண்டது எனக்கு மகிழ்ச்சி. மணலியிலும் மாதவரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள கன்டெய்னர் யார்டுகளில் தினமும் புழங்கும் சொல் இது. ஆனாலும் வகுப்புகளில் யாரும் கற்பிப்பதில்லை. பழைய கன்டெய்னரை விற்கும்போது, அது சரக்கேற்றிக் கப்பலில் அனுப்புவதற்கு ஏற்றது என்றால் ‘கார்கோவொர்தி’ என்று தரம் பிரிப்பார்கள். காற்றும் தண்ணீரும் புகாது என்ற அளவுக்கு மட்டும் உறுதி சொன்னால் அது அதற்கு ஒரு படி கீழ். சோதிக்கிறவர் கன்டெய்னருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் எங்கேயாவது வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். 1972ஆம் ஆண்டின் பாதுகாப்பான கன்டெய்னர்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி, கால அட்டவணை முறையில் சோதிக்கப்படும் கன்டெய்னருக்கு முதல் சோதனை 5 ஆண்டுக்குள்ளும், அதற்குப் பிறகு 30 மாதத்துக்கு ஒரு முறையும் நடக்க வேண்டும். ‘சொல்வது யார்?’ என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான விடை வேறு எந்தச் சொல்லிலும் கிடைக்கவில்லை.

‘ரோடுவொர்தி’க்கு வந்தபோது, தண்டையார்பேட்டையில் லாரி வைத்திருக்கும் ஒருவர், “எஃப்சி காட்டுற அன்னிக்கு வண்டி ரோடுவொர்தி சார், மறுநாள் நம்ம கையில இல்ல” என்றதும் வகுப்பே சிரித்தது. சார் அதை நகைச்சுவையாக மட்டும் விட்டுவிடவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் இந்த எஃப்சி சான்று, சோதித்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதற்கு அத்தாட்சி. ரோடுவொர்தினஸ் என்பதோ வண்டி ஓடுகிற ஒவ்வொரு நாளும் அதனிடம் இருக்க வேண்டிய நிலை. சான்று இருந்தும் தாங்காத வண்டி உண்டு, சான்று காலாவதியாகியும் தாங்குகிற வண்டி உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் தமிழில் ‘தகுதிச் சான்று’ என்ற தொடர் நமக்குச் செய்திருக்கிற தீங்கு என்று அவர் சொன்னார். ‘தீங்கு’ கொஞ்சம் கடுமை. ஆனால் பிரேக் பிடிக்காத தண்ணீர் லாரிக்குப் பின்னால் பேசின் பாலத்தில் நின்றவர்கள் அவரோடு வாதிட மாட்டார்கள்.

கடன் பற்றிய பாடம் இதற்கு இணையாக நன்றாக இருந்தது. கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஓர் அக்கா, மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்ப்பவர். ‘கிரெடிட்வொர்தி’ என்றால் நாணயமானவர் என்று எழுதிக் காட்டினார். அழகான விடை, காசுக்கும் நேர்மைக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆனாலும் சார் ஏற்கவில்லை. நாணயமான மனிதருக்கு வருமானமே இல்லை என்றால் அவர் ‘ட்ரஸ்ட்வொர்தி’. ஆனால் வங்கியின் பார்வையில் ‘கிரெடிட்வொர்தி’ ஆகமாட்டார். வாங்கிய கடனைக் கொடுக்கும் மனமும் கொடுக்கும் சக்தியும் சேர்ந்த இடத்தில்தான் அந்தச் சொல் நிற்கிறது. தெருவில் இதைச் சொல்வது அண்டை அயலார். வங்கியில் சொல்வது 300க்கும் 900க்கும் இடையில் நிற்கும் சிபில் மதிப்பெண். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. “குரூப்ல ஒருத்தி கட்டலைன்னா மத்தவங்க கட்றோமே சார், அந்த சக்தி யாரோடது?” என்று கேட்டார். குழுவாகக் கடன் வாங்குகிறவர்களுக்குத் தனியாள் கணக்கு அப்படியே பொருந்தாது என்று சார் ஒப்புக்கொண்டார். ஆசிரியர் இப்படி மாணவியிடம் இறங்கி வருவது இந்த வகுப்பில் சாதாரணமாக நடக்கிறது. இதை நான் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன்.

இலக்கணத்துக்கு வருகிறேன். டீச்சரின் பாடங்கள் சுருக்கமானவை, ஆனால் சிதறாதவை. இப்போது நம் பிள்ளைகள் படத்தையும் பிரியாணியையும் ‘செம வொர்த்து’ என்று சொல்வதை அவர் கேலி செய்யவில்லை. தமிழில் அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது, அங்கே அதன் இலக்கணம் வேறு என்றார். ஆங்கிலத்தில் ‘வொர்த்’ இப்படித் தனியே நிற்காது. பின்னால் ஒன்று வந்தே தீர வேண்டும். விலை வரலாம், பெயர்ச்சொல் வரலாம், ‘இங்’ என்று முடியும் வினை வரலாம், ஒன்றும் இல்லாவிட்டால் ‘இட்’ என்ற சொல்லாவது வர வேண்டும். ‘ஈஸ் இட் வொர்த்?’ என்பது பாதியில் நின்ற வாக்கியம். ‘ஈஸ் இட் வொர்த் இட்?’ என்பது முழு வாக்கியம். ‘வொர்த் டு ரீட்’ என்று எழுதக் கூடாது, ‘வொர்த் ரீடிங்’ என்றே எழுத வேண்டும். ‘வொர்தி’க்குப் பின்னால் ‘ஆஃப்’ வரும், அதற்குப் பின் கவனம், மரியாதை, வாய்ப்பு போன்ற ஒன்று வரும். ‘வொர்த்வைல்’ என்பதில் உள்ள ‘வைல்’ நேரத்தைக் குறிப்பது. செலவழித்த நேரத்துக்கும் உழைப்புக்கும் பலன் உண்டு என்பதே அதன் உட்பொருள் என்பதால், பொருளுக்கு விலை சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது.

உச்சரிப்பில் அவர் காட்டிய ஒரு குறிப்பை வேறெங்கும் நான் கேட்டதில்லை. ‘வொர்த்’ என்பதன் கடைசி ஒலி வல்லொலி. ‘வொர்தி’யில் அதே எழுத்துகள் மெல்ல அதிர்ந்து ஒலிக்கும். ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. தமிழன் காதுக்கு இது புதிதல்ல: ‘பத்தி’யில் வரும் தகரத்துக்கும் ‘பாதி’யில் வரும் தகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் யோசிக்காமலே செய்கிறோம். நாக்கைப் பல்லிடையே சற்று நீட்டினால் மட்டும் போதும், மிச்சத்தைத் தமிழே செய்துவிடும் என்று அவர் சொல்லிப் பழக்கினார். ராயபுரத்திலிருந்து வரும் ஒருவர் இரண்டு மாலைகளுக்குள் திருத்தமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அதே ராயபுரத்துக்காரர் தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவர். ஆராதனையில் வரும் ‘பாத்திரர்’ என்ற சொல் ‘வொர்தி’தானே என்று அவர் கேட்டதிலிருந்து ஒரு நல்ல விவாதம் கிளம்பியது. துதிக்குப் பாத்திரர், நம்பிக்கைக்குப் பாத்திரமானவர் என்று சொல்லும்போது, ஒன்றைப் பெற்று வைத்துக்கொள்ளக்கூடிய கலம் என்ற எண்ணம் அடியில் இருக்கிறது. ‘அருகதை’ என்பது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வருகிறது. பேச உனக்கு அருகதை இல்லை என்போமே தவிர, அருகதை இருக்கிறது என்று யாரையும் பாராட்டுவதில்லை. ‘யோக்கியதை’ தகுதியில் தொடங்கி ஒழுக்கத்தில் போய் நின்றுவிட்டது. உருது வழியாக வந்த ‘லாயக்கு’ வடசென்னை வீடுகளில் அன்றாடச் சொல். எதற்கும் லாயக்கில்லாதவன் என்று பிள்ளையைத் திட்டும்போது அது ‘வொர்த்லெஸ்’ பக்கம் போகிறது. இங்கே டீச்சர் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். ‘ஐ ஆம் அன்வொர்தி’ என்று ஒருவர் சொன்னால் அது பணிவு. எனக்குக் கிடைத்தது என் தகுதிக்கு மீறியது என்று பொருள். ‘ஐ ஆம் வொர்த்லெஸ்’ என்று சொன்னால் அது மனமுடைந்த பேச்சு; பக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் ‘தகுதியற்ற’ என்று ஒரே உரை எழுதிவைக்கும் கைப்புத்தகங்கள் எத்தனை!

கைப்புத்தகம் என்றதும் குறைகளுக்கு வர வேண்டியிருக்கிறது. வகுப்பில் தருகிற ஒளிநகல் குறிப்பேடு, வகுப்பின் தரத்துக்குக் கொஞ்சமும் ஈடாகவில்லை. பலகையில் தகு, தாங்கு என்று இரண்டாகப் பிரித்துக் காட்டிய அதே மனிதர்கள் தரும் குறிப்பேட்டின் பின்பக்கச் சொற்பட்டியலில், ‘வொர்தி’ தகுதியான, ‘எலிஜிபிள்’ தகுதியான, ‘டிசர்விங்’ தகுதியான என்று வரிசையாக அச்சாகியிருக்கிறது. யாரோ எப்போதோ தயாரித்த பட்டியலை மாற்றாமல் நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. வகுப்புக்கு வர முடியாத நாளில் இந்தப் பட்டியலை மட்டும் படிக்கிறவர், சேர்வதற்கு முன் இருந்த குழப்பத்தோடே இருப்பார். கேட்டபோது மாற்றுகிறோம் என்றார்கள். பருவம் முடியும் வரை மாறவில்லை.

சாருக்கு வரலாற்றில் உள்ள ஆசை வகுப்பு நேரத்தைத் தின்கிறது. சிலவற்றை நான் ரசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ‘வொர்ஷிப்’ என்ற வழிபாட்டுச் சொல்லே ‘வொர்த்’தோடு ‘ஷிப்’ சேர்ந்து உண்டானது என்றும், நீதிபதியை ‘யுவர் வொர்ஷிப்’ என்று விளித்ததில் இருப்பது கடவுளுக்குரிய வணக்கம் இல்லை, மதிப்பு மட்டுமே என்றும் தெரிந்த பிறகுதான், மேயரை ‘வணக்கத்துக்குரிய’ என்று விளித்த வழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குப் பிடிபட்டது. தக்கது என்று பொருள்படும் இலத்தீன் ‘டிக்னஸ்’ஸிலிருந்தே நம் அரசியலமைப்பின் முகவுரையில் இருக்கும் ‘டிக்னிட்டி’ பிறந்தது என்பதும் அப்படியே. அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, பெரிய தொகைக்குக் காப்பீடும் செய்து, மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பிய கப்பல்களை எதிர்த்துச் சாமுவேல் பிளிம்சால் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதும், அதன் விளைவாக 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு வரைவதைக் கட்டாயமாக்கியதும் பாடத்துக்கு நேராகத் தொடர்புடையவை. ஆனால் இடைக்கால ஐரோப்பாவின் ‘நைன் வொர்திஸ்’ என்ற ஒன்பது பெருவீரர்கள் பட்டியலுக்கு, எக்டரிலிருந்து ஆர்தர் வரை, ஒரு முழு மாலை தேவையா? எஃப்சி மனுவை ஆங்கிலத்தில் நிரப்பக் கற்க வந்தவர் கொட்டாவி விட்டதை நான் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த மாலையில் பயன்பட்டது ஒரே செய்தி: இன்றைய ஆங்கிலத்தில் ‘லோக்கல் வொர்திஸ்’ என்றால் ஊர்ப் பெரிய மனிதர்கள் என்று சற்றுக் கிண்டலாகப் பொருள்படும், ஒரு நூலையோ நாடகத்தையோ விமர்சகர் ‘வொர்தி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், நல்ல நோக்கம்தான், ஆனால் சுவை இல்லை என்பது உட்குறிப்பு. ‘ஆள் நல்லவருதான்...’ என்று நாம் இழுக்கிற இழுப்பு அது.

இந்த வரலாற்று மாலையை ‘எலிஜிபிள்’, ‘குவாலிஃபைடு’, ‘காம்பிடன்ட்’, ‘டிசர்விங்’ ஆகிய நான்குக்கும் கொடுத்திருக்கலாம். வேலை தேடும் இளைஞர்கள் வகுப்பில் பாதிப் பேர். அவர்களுக்கு மிகத் தேவையான இந்தச் சொற்கள் கடைசி வாரத்தில் அவசரமாக ஓட்டப்பட்டன. ‘டிசர்வ்’ என்ற வினையை ஒருவரின் உழைப்போடும் நடத்தையோடும் சேர்த்துப் பார்ப்பதா, தேவையோடு சேர்த்துப் பார்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது நேரமாகிவிட்டது என்று மூடிவிட்டார்கள். ‘மெரிட்’ பற்றியும் அப்படித்தான். தகுதி என்ற சொல்லை வைத்துத் தமிழ்நாட்டில் நூறாண்டாக நடக்கும் வாதத்தை, நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான தியாகராய செட்டியார் பெயரில் கல்லூரி இருக்கிற இந்தத் தெருக்களில் பேசாமல் எங்கே பேசுவது? மதிப்பெண்ணை மெரிட் என்று அழைப்பதற்கும் ‘எதற்கு? சொல்வது யார்?’ என்ற அதே இரண்டு கேள்விகள் பொருந்துமே. சார் அரசியல் வேண்டாம் என்று தயங்கினார். தயக்கம் புரிகிறது, ஆனால் பாடத்தில் அது ஓட்டைதான்.

எழுத்துப் பயிற்சியும் போதாது. வாரம் ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்கள், ஆனால் திருத்திக் கொடுப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முன்வரிசையில் உட்காருகிறவர்களின் தாள்களே டீச்சர் கைக்குப் போகின்றன. கோடையில் அறை கொதிக்கும். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் சேரவும். கீழே துணி மூட்டை இறக்கும் சத்தம் எட்டு மணி வரை ஓயாது.

கட்டணம் மாதம் 900 ரூபாய். மாதாமாதம் கட்டலாம், ஒளிநகலுக்குத் தனியாக வாங்குவதில்லை. தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், இரு சக்கர வண்டி நிறுத்தத்தான் இடம் கிடைக்காது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுக் குடும்பத்தினருக்கு வசதியாக முன்மாலையிலும் ஒரு பிரிவு வைக்கிறார்கள். பேசவே தயங்குகிற, அடிப்படை வாக்கியம் இன்னும் வராதவர்களுக்கு இந்த வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவர்கள் வேறிடத்தில் ஆறு மாதம் பேசிப் பழகிவிட்டு வருவது நல்லது. துறைமுகம், சுங்கம், காப்பீடு, லாரி புக்கிங், வங்கி என்று ஆங்கிலத் தாளோடு வேலை செய்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாதி ஊகத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் தயங்காமல் சேரலாம்.

அடுத்த பருவத்தில் எடுக்கப்போவது ‘லயபிள்’, ‘ரெஸ்பான்சிபிள்’, ‘அக்கவுண்டபிள்’, ‘ஆன்சரபிள்’ என்ற குடும்பத்தை. நான்குக்கும் எங்கள் அலுவலகத்தில் ‘பொறுப்பு’ என்றே எழுதிவருகிறோம். சேதமான சரக்குக்கு யார் பணம் கட்டுவது என்ற தாளிலும் அதே சொல்தான் இருக்கிறது. முதல் மாதத்துக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். பட்டியலை மாற்றி அச்சடிக்கும்படி மறுபடியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.